கோமதிக்கென்று தைத்த கம்பளிக் கோட்டு

மலை ஏறுவது என்று தீர்மானித்துவிட்டேன்.

சிரிக்காதீர்கள். தாராவி கிராஸ் ரோட்டில் எங்கள் ஒண்டுக் குடித்தனச் சால் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்கு ஏறுவதற்குள் வழியில் நின்று மூச்சு வாங்குகிறவன்தான் நான். அதனால் என்ன? அந்த வருஷம் நம்மவர்கள் எவரெஸ்டிலேயே ஏறிக் கொடி நட்டுவிட்டு வந்திருந்தார்கள். பம்பாய் முழுக்க மலைக் காய்ச்சல். லிஃப்டில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லாம் படிக்கட்டில் போக ஆரம்பித்தார்கள். பல்லார்ட் பியரில் எங்கள் கப்பல் சரக்குக் கம்பெனியிலும் ஒரு மலையேறும் கிளப் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸ் சனிக்கிழமை கிளம்பி லோனாவாலா. அங்கிருந்து நடந்து ராஜ்மாச்சி மலைக்கோட்டை. ராத்திரி கூடாரத்தில் படுக்கை. ஞாயிறு திரும்புதல்.

ஆனால் என்னை இழுத்தது மலை இல்லை. மலைக்கு வரப்போகிற தஸ்தூர் சாஹேப்.

தஸ்தூர் சாஹேப் எங்கள் மேனேஜர். எட்டு வருஷமாக அவர் கண் முன்னால் உட்கார்ந்து பில் எழுதுகிறேன். அவருக்கு என் பெயர் தெரியாது. என்னிடம் ஏதாவது ஆக வேண்டுமென்றால் பியூனைக் கூப்பிட்டு, "அந்த மின்விசிறிக்குக் கீழே இருக்கிறவரிடம் கொடு" என்பார். கோடையில் மின்விசிறி பழுதானபோது என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் தவித்தார். இப்போது ஹெட் கிளார்க் வேலை காலியாகப் போகிறது. மின்விசிறிக்குக் கீழே இருக்கிறவருக்கு அதை யார் கொடுப்பார்கள்? வானமாமலைக்குக் கொடுக்கலாம். அதற்கு முதலில் வானமாமலை என்று ஒருவன் இருப்பது தெரிய வேண்டும். மலை மேல் நெருப்பு மூட்டி, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ராத்திரி குளிர் காய்ந்தால் தெரியாமலா போகும்?

கிளப்பில் ஒரு விதி இருந்தது. ஒரு ஊழியருக்கு ஒரு இடம். அவரே வரலாம், அல்லது வீட்டிலிருந்து ஒருவரை அனுப்பலாம். இந்த விதியை என் மனைவி கோமதியிடம் நான் மறைக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கிளப்பின் தலைவர் பிரதான், மதியச் சாப்பாட்டு நேரத்தில் உடுப்பைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். வெறும் பருத்திச் சட்டையோடு வராதே. வேர்வையில் நனைந்து ராத்திரி உன்னையே குளிர வைக்கும். கம்பளி வேண்டும், அது ஈரமானாலும் சூட்டை விடாது. காற்று புகாத மேல் கோட்டு வேண்டும். முழங்காலைப் பிடிக்காத உடுப்பு வேண்டும். கேன்வாஸ் ஷூ போதும், ஆனால் அடிப்பக்கம் வழுக்கக் கூடாது. காதை மூடும் குல்லாய் வேண்டும். கேட்கக் கேட்க எனக்கு ரத்தம் கொதித்தது. அன்று சாயங்காலமே ஃபோர்ட் கடைவீதிக்கு ஓடினேன்.

ஒரு கடையில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீமைக் கோட்டு நின்றது. என்ன மிடுக்கு! என்ன ஜிப்! உள்ளே போய் விலைச் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். மலை ஏறாமலே மூச்சு வாங்கியது. வெளியே வந்துவிட்டேன்.

அடுத்த சாயங்காலம் சோர் பஜார். பட்டாளத்தில் கழித்துப் போட்ட சாமான்களை விற்கிற கடை. ஒரு ராணுவக் கோட்டை எடுத்து என் தோளில் மாட்டினான் கடைக்காரன். மாட்டியதும் நான் உட்கார்ந்துவிட்டேன். அவ்வளவு கனம். உள்ளே சிப்பாய் இன்னும் இருக்கிறாரோ என்று சந்தேகம். "சேட், இதைப் போட்டால் குண்டுகூடப் பாயாது" என்றான். குண்டு எதற்கு? எனக்கே நகர முடியவில்லையே. ஆனால் அங்கேதான் என் கண்ணில் பட்டது, சாம்பல் நிறத்தில் ஒரு மிலிட்டரிக் கம்பளி. போர்த்திக்கொள்கிற கம்பளிதான். கெட்டி, லேசு, மலிவு. வெட்டித் தைத்து, உள்ளே காக்கித் துணி கொடுத்தால் சீமைக் கோட்டு பிச்சை வாங்க வேண்டும்!

மலிவுதான். அந்த மலிவுக்கும் காசு வேண்டுமே. எங்கள் வீட்டில் பெட்டிச் சாவி கோமதியின் இடுப்பில்.

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. கோமதியின் குணம் எனக்கு அத்துப்படி. எனக்கென்று ஒன்று கேட்டால் "என்னத்துக்கு?" என்பாள். பெட்டி திறக்காது. அவளுக்கென்று நான் ஒன்று வாங்கி வந்தால் "எனக்கு எதுக்கு?" என்பாள். ஆனால் பொருள் வந்துவிடும். வந்த பொருள் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிறதை நான் எடுத்துப் போட்டுக்கொண்டால் அதற்குப் பெயர் சிக்கனம். அவளே மெச்சுவாள்.

கோமதி சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கோமதி, உனக்கு ஒரு கம்பளிக் கோட்டு தைக்கலாம்னு இருக்கேன்."

சுளகு நின்றது.

"எனக்கா?"

"உனக்குத்தான்."

"கம்பளியா?"

"கம்பளிதான்."

எழுந்து வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "மேலுக்கு ஒண்ணுமில்லையே உங்களுக்கு?"

"டிசம்பர் மாசம். விடியக்காலம் குழாயடியில நிக்கே. பனி கொட்டுது. பார்க்கப் பார்க்க எனக்கு மனசு கேக்கல."

"நீங்க எப்பப் பார்த்திய? நான் தண்ணி புடிச்சு, காப்பி போட்டு வந்துல்லா உங்களை எழுப்புதேன்."

"பார்க்காட்டி என்ன? நெனச்சுப் பார்த்தேன்."

"பம்பாயில என்னங்க குளிரு? நான் அங்க வேர்வையைத் துடைச்சுக்கிட்டு நிக்கேன்."

"இப்பத் தெரியாது. வயசானப்புறம் மூட்டு மூட்டா வலிக்கும்."

"எனக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

வந்துவிட்டது! நான் காத்திருந்த வார்த்தை வந்துவிட்டது! துள்ளிக் குதிக்க வேண்டும் போல் இருந்தது. முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டேன்.

"நீ வேண்டாம்னாலும் விடமாட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல உனக்குன்னு நான் என்ன செஞ்சிருக்கேன்?"

"அதுவும் நெசந்தான்" என்றாள். கொஞ்சம் வேகமாகவே சொன்னாள். "அப்ப மலைக்குப் போறதா சொன்னியளே, உங்களுக்குக் கோட்டு வேண்டாமா?"

"எனக்கெதுக்கு? ஆம்பளை! இந்தச் சட்டை போதும்."

"பொம்பளைய யாரும் அங்க வரலையோ?"

"நல்லாக் கேட்ட! காடு. புலி நடமாடுற இடம். பொம்பளைய எப்படி விடுவாங்க?"

"அதுவும் சரிதான். புலிக்கு ஏதாவது ஆயிட்டா யாரு பதில் சொல்லுதது?"

இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பெட்டி திறந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கோயில் மணியாகக் கேட்டது. காசோடு தன் பழைய ரவிக்கை ஒன்றையும் பையில் போட்டாள். "அளவுக்கு இதைக் கொடுங்க."

எங்கள் பேட்டைத் தையல்காரர் சலாவுதீன், மேலப்பாளையத்துக்காரர். கழுத்தில் டேப் தொங்கும். அது சும்மா அழகுக்கு. ஆளைத் தொட்டு அளவெடுப்பது அவருக்குப் பிடிக்காது. போட்டுப் பழகிய சட்டை ஒன்றைக் கொடுக்க வேண்டும். அதை வைத்து வெட்டுவார். நூல் பிசகாது. யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி கேட்க மாட்டார். என் திட்டத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் பம்பாயில் கிடையாது.

கம்பளியை அவர் முன் விரித்தேன். பையிலிருந்து அளவுச் சட்டையை எடுத்துக் கொடுத்தேன். கோமதியின் ரவிக்கையை அல்ல. கூடவே சுருட்டி எடுத்துப் போயிருந்த என் நீலக் கோடு போட்ட சட்டையை.

"வாங்க அண்ணாச்சி. கோட்டு யாருக்கோ?" என்றாள் அவர் மனைவி சபுரா. பித்தான் தைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

"வீட்டுக்கு."

சலாவுதீன் என் சட்டையை விரித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி சட்டையைப் பார்த்தார்.

"அளவு இதுதானே அண்ணாச்சி?"

"இதேதான். கொஞ்சம் தாராளமா இருக்கட்டும், பாய். உள்ள ரெண்டு துணி போட்டாலும் பத்தணும்."

"கையில எது இருக்கோ அதும்படி தைப்பேன். யாருக்குங்கது எனக்கு வேண்டாத சமாச்சாரம்."

தங்கமான மனிதர்!

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பயிற்சி ஆரம்பித்தேன். முதுகில் அரிசிப் பையைக் கட்டிக்கொண்டு சால் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். பக்கத்து வீட்டு சொரிமுத்து ரேஷனில் அரிசி போடுகிறார்கள் என்று நினைத்துப் பையோடு என் பின்னால் ஓடி வந்தார். அவர் பின்னால் இன்னும் நாலு பேர். விஷயம் தெரிந்ததும் அரிசி இல்லையே என்று என்னை ஏசிவிட்டுப் போனார்கள். நான் கவலைப்படவில்லை. கண்ணை மூடினால் நெருப்பு எரிந்தது. அதன் பக்கத்தில் நான். என் பக்கத்தில் சாஹேப். "மிஸ்டர் வானமாமலை, இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?" "மின்விசிறிக்குக் கீழே, சார்."

அதே சூத்திரத்தில் மற்றவையும் வீடு வந்து சேர்ந்தன. கோமதியின் குதிகால் வெடிப்புக்காகக் கேன்வாஸ் ஷூ. என் காலுக்குப் பார்த்து வாங்கினேன்.

"எனக்குப் பெருசால்லா இருக்கு?"

"காலுறை போட்டாச் சரியாயிரும்."

"எனக்கு எதுக்குங்க ஷூவெல்லாம்?"

"இருக்கட்டும், கோமதி. உன் காலு எனக்கு முக்கியம்."

அவள் காதுவலிக்காக ஒரு குரங்குக் குல்லாய். காது வலிக்கிறதா என்று நான் அவளைக் கேட்கவே இல்லை. அவளும் இல்லையென்று சொல்லவில்லை. "உங்களுக்கு இம்புட்டுப் பிரியம் இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கே கொஞ்சம் உறுத்தியது. மலையிலிருந்து திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அவளுக்கே கொடுத்துவிடுவது என்று தாராள மனதோடு முடிவு செய்தேன்.

வெள்ளிக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் கோட்டு வந்துவிட்டது. சபுராவே கொண்டு வந்து கொடுத்தாளாம். பொட்டலம் சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. ஆசையோடு கையை நீட்டினேன்.

"தொடாதீய!" என்றாள் கோமதி. "புதுத்துணி. வெள்ளிக்கிழமை சாமிக்கு வச்சிருக்கேன். காலம்பற குளிச்சு, மூலையில மஞ்சள் தடவித்தான் பிரிக்கணும்."

"சும்மா ஒரு தடவை பாத்துட்டு..."

"உங்களுக்கென்ன அவசரம்? எனக்குத் தச்ச கோட்டுதானே?"

கையை மடக்கிக்கொண்டேன். ஷூவும் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அட்டைப் பெட்டிக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை. குளித்தேன். விபூதி பூசினேன். கோமதி எடுத்து வைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டேன். தொண்டையைச் செருமினேன். தடுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் அவள் ஏதோ செய்துகொண்டிருந்தாள். இவ்வளவு நாள் மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"கோமதி, பம்பாயில அப்படி ஒண்ணும் குளிர் இல்லதான். உன் கோட்டு சும்மாதானே கிடக்கு? வேஸ்டாப் போகக் கூடாதுல்லா. இந்த ஒரு ராத்திரிக்கு நான் போட்டுக்கிட்டுப் போகட்டுமா?"

திரை விலகியது.

முதலில் எனக்கு அடையாளமே தெரியவில்லை. ஒன்பது கெஜப் புடவையை மராட்டிக்காரப் பெண்கள் மாதிரி கச்சம் வைத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டியிருந்தாள். அதன் மேல் சாம்பல் நிறக் கம்பளிக் கோட்டு. மூலையில் மஞ்சள். தோளில் ஒரு சுருக்கம் இல்லை. கையில் ஒரு அங்குலம் கூடுதல் இல்லை. அவளோடு சேர்ந்து பிறந்தது போல் இருந்தது. காலில் கேன்வாஸ் ஷூ. அதுவும் கச்சிதம். தலையில் குரங்குக் குல்லாய்.

"எப்படி இருக்கு?" என்றாள்.

"இது... இது எப்படி உனக்குச் சரியா..."

"எனக்குத் தச்சது எனக்குச் சரியா இருக்காதா?"

"அளவு..."

"அதை ஏன் கேக்கிய? அளவுக்குக் கொடுத்த ரவிக்கையை நீங்க பையிலேயே திருப்பிக் கொண்டாந்துட்டிய. மறுநாள் காய் வாங்கப் பையை எடுத்தா அடியில கிடக்கு! அடப்பாவமே, வேலை நெருக்கடியில மறந்துட்டாங்களேன்னு நானே சலாவுதீன் அண்ணன்கிட்ட ஓடினேன். அங்க பார்த்தா உங்க சட்டை இருக்கு. அதை வாங்கிக்கிட்டு ரவிக்கையைக் கொடுத்தேன். அவுகளும் ஒரு கேள்வி கேக்கல. கையில எது இருக்கோ அதும்படி தைக்கிற மனுசன்."

"என் சட்டையை?"

"துவைச்சு வச்சேன். அதைத்தான் இப்பப் போட்டிருக்கிய."

குனிந்து பார்த்தேன். நீலக் கோடு.

"ஷூவும் அப்படித்தான். கடைக்காரன் நம்பர் மாத்திக் கொடுத்திட்டான் போலிருக்கு, நான் போய்ச் சரிபண்ணிட்டு வந்தேன். உங்க பேர்ல ஒரு தப்பும் இல்ல."

"சரி, சரி. இதையெல்லாம் மாட்டிக்கிட்டு நீ எங்க கிளம்பிட்ட? குழாயடிக்கா?"

"ராஜ்மாச்சிக்கு."

வாசலில் ஒரு கலகலப்பு. பிரதானின் மனைவி உள்ளே வந்தாள். அவளும் கச்சம், ஷூ, முதுகில் மூட்டை. மாட்டுங்கா மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்க வருகிறவளுக்கும் கோமதிக்கும் பழக்கம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

"பொம்பளைங்க வரக் கூடாதே! புலி!" என்று கத்தினேன்.

"கிஸ்னே போலா?" என்று சிரித்தாள் பிரதானின் மனைவி. யார் சொன்னது? வீட்டுக்கு ஒரு இடம்; கோமதியின் பெயரைச் செவ்வாய்க்கிழமையே சேர்த்தாகிவிட்டது. புலியை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததே இல்லை.

"அது என் இடம்!"

"உங்க இடந்தான்" என்றாள் கோமதி. "நீங்க கொடுத்ததுல்லா? கோட்டு தச்சு, ஷூ வாங்கி, குல்லாய் வாங்கி, பார்த்துப் பார்த்துச் செஞ்சிய. வாயத் தொறந்து 'மலைக்குப் போ'ன்னு மட்டும் சொல்லல. கூச்ச சுபாவம். அதுகூடப் புரியாமலா இத்தனை வருஷம் குடும்பம் நடத்துதேன்?"

இதை அவள் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். வாசலில் சால் முழுவதும் திரண்டு நின்றது. எதிர் வீட்டு பீவி கண்ணைத் துடைத்தாள். கீழ் மாடி முப்பிடாதியம்மாள் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்து, "பாத்துக்கிடும்! இவரும் ஒரு ஆம்பளைதான்!" என்றாள். அவர் என்னை முறைத்த முறைப்பில் நான் கதவோடு ஒட்டிக்கொண்டேன். சபுரா இரண்டு கையாலும் எனக்குத் திருஷ்டி கழித்தாள். பிரதானின் மனைவி, "இந்த மாதிரி புருஷன் எங்கள் தாதரில் கிடையாது" என்று ஹிந்தியில் அறிவித்தாள்.

நான் என்ன செய்ய? புன்னகை செய்தேன்.

"ரசம் இருக்கு. சோறு மட்டும் வடிச்சுக்கிடுங்க. விடியக்காலம் குழாயில தண்ணி வரும், புடிச்சு வச்சிருங்க" என்றாள் கோமதி. படி இறங்கிவிட்டாள். ஒரு இடத்திலும் நிற்கவில்லை, மூச்சு வாங்கவில்லை.

மறுநாள் விடியக்காலம் குழாயடியில் நின்றேன். டிசம்பர் மாதம் பம்பாயில் குளிரத்தான் செய்கிறது. பருத்திச் சட்டை போதவே போதாது.

ஞாயிறு சாயங்காலம் வந்தாள். மூக்கு வெயிலில் கன்றியிருந்தது. முகம் மட்டும் பளபளவென்று இருந்தது. மூட்டையைக்கூட இறக்கவில்லை, பேச ஆரம்பித்துவிட்டாள்.

"என்னா மலைங்கிய! என்னா காத்துங்கிய! மேல நின்னு பார்த்தா மேகம் நமக்குக் கீழ கிடக்கு! ராத்திரி நெருப்பு போட்டாங்க. ஆனா குளிரு எலும்புக்குள்ள போகுது. உங்க சாஹேப் பாவம், சீமைக் கோட்டு போட்டிருந்தாவ. ஜிப்பு மாட்டிக்கிட்டு மேலயும் போகல, கீழயும் போகல. தெறந்த கோட்டோட வெடவெடன்னு நடுங்குதாவ. நான் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நம்ம கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாவ. அவ்வோளுக்கும் ஒண்ணு தைக்கணுமாம்."

எனக்குள் எதுவோ விழித்துக்கொண்டது. "சாஹேப் பக்கத்துலயா உக்காந்திருந்த?"

"பக்கத்துலதான். ராத்திரி பூரா பேச்சு."

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? எம்புட்டுச் சொன்னேன்! நீங்க கோட்டுக்கு அலைஞ்சது, ஷூவுக்கு அலைஞ்சது, எனக்காக உங்க இடத்தை விட்டுக் கொடுத்தது... அவ்வோ அப்படியே உருகிட்டாவ. திங்கக்கிழமை முதல் வேலையா உங்களைப் பார்த்துக் கை கொடுக்கணும்னு சொன்னாவ."

அடியே கோமதி! நான் போயிருந்தால் என்னைப் பற்றி நானே இவ்வளவு சொல்லியிருப்பேனா? கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் ஷூவை நானே கழற்றிவிட்டேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை சலவைச் சட்டை. தலையில் எண்ணெய். எல்லோருக்கும் முன்னால் போய் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். தஸ்தூர் சாஹேப் உள்ளே வந்தார். வழக்கம்போல் தன் அறைக்குப் போகவில்லை. பிரதானிடம் ஏதோ கேட்டார். பிரதான் என்னைக் காட்டினார். சாஹேப் நேரே என் மேஜைக்கு வந்தார். ஆபீஸ் முழுவதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தது. நான் எழுந்து நின்றேன். எட்டு வருஷம்! சாஹேப் முகமெல்லாம் மலர, என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"குட் மார்னிங், மிஸ்டர் கோமதி!"